பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

பழைய டிராக்டர் வாங்க விழையும் அங்கத்தினர் பலரும் விலையையே முதற்கண் நோக்குகின்றனர். உதிரிப் பாகம் எளிதிற் கிடைக்குமா என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். பிஞ்சூரில் 1971-இல் தொடங்கிய எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தமை நாம் அறிந்ததே. ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. முன்பணம் அளிக்குமுன், அருகிலுள்ள கடையில் கிளட்ச் தட்டு, பிஸ்டன் ரிங், ஹைட்ராலிக் பம்பு ஆகியவற்றின் விலையைக் கேட்டுக் குறித்துக்கொள்க.

2. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் செய்க. நீலப்புகை நில்லாது வருமாயின் எண்ணெய் எரிகிறது என்பது பொருள்.

3. கலப்பையைத் தூக்கி நிறுத்துக. விரைவில் தாழ்ந்துவிடின் உட்கசிவு உண்டு.

4. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணையும், நிலுவைக் கடனையும் சரிபார்க்க.

பழுதுச் செலவையும் கூட்டியே விலை பேசுக. பாகத்திற்காக வண்டி காத்து நிற்கும்; நிலத்து ஈரம் காத்து நில்லாது.