கட்டற்ற மென்பொருளும் கட்டளைப் பணியும்: ஃபிரீபிஎஸ்டி அறக்கட்டளை குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

கணிப்பொறி இயங்குவதற்கு வன்பொருள் மட்டும் போதாது. விசைப்பலகையில் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொண்டு சேர்ப்பதும், கோப்புகளை வட்டில் ஒழுங்குறச் சேமிப்பதும், பல நிரல்கள் ஒரே வேளையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கச் செய்வதும் இயக்க முறைமை என்னும் அடிப்படை மென்பொருளின் பணிகளாகும். இவ்வியக்க முறைமைகளுள் சில விலைக்கு விற்கப்படுகின்றன. வேறு சில, மூல நிரலுடன் எவருக்கும் விலையின்றி வழங்கப்படுகின்றன. பின்னவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் கூறுவர்.

விலையின்றிக் கிடைக்கும் ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் பேணுவோர் யாவர்? அதற்குரிய செலவை ஏற்போர் யாவர்? ஃபிரீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமையையும் அதற்குத் துணைநிற்கும் அறக்கட்டளையையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வகத்தில் 1969ஆம் ஆண்டு யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமை உருப்பெறத் தொடங்கியது. அதன் மூல நிரலைப் பெற்ற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தார், அதனைத் திருத்தியும் விரித்தும் 1978 முதல் தம் பெயரால் வெளியிட்டு வந்தனர். 'பெர்க்கிலி மென்பொருள் வழங்கல்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே பிஎஸ்டி என்பதாம். 1983இல் வெளிவந்த அதன் 4.2ஆம் பதிப்பு, இன்றைய இணையத்திற்கு அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறைகளைத் தன்னுள் கொண்டிருந்தது. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்நெறிமுறைகள் பரவுவதற்கு அப்பதிப்பு பெரிதும் துணைபுரிந்தது.

1992இல் யுனிக்ஸ் உரிமையாளர் தொடுத்த வழக்கொன்று இவ்வளர்ச்சிக்குத் தடையாயிற்று. 1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. 1995இல் பெர்க்கிலி ஆய்வுக்குழுவே கலைந்துபோயிற்று. ஆயினும் பணி நின்றுவிடவில்லை. 1993இலேயே தன்னார்வலர் சிலர் ஒன்றுகூடி, அந்நிரலின் வழித்தோன்றலாக ஃபிரீபிஎஸ்டியைத் தொடங்கியிருந்தனர். பல்கலைக்கழகத்தின் அரவணைப்பு இன்றி, பல நாடுகளில் வாழ்வோர் தத்தம் ஓய்வு நேரத்தில் எழுதிய நிரல்களால் அது வளர்ந்தது.

உரிமத்தின் தன்மை

பிஎஸ்டி உரிமம் மிகச் சுருக்கமானது. எழுதியோரின் காப்புரிமைக் குறிப்பை நீக்காது வைத்திருத்தல் வேண்டும். பொறுப்புத் துறப்பையும் உடன் வைத்தல் வேண்டும். இவற்றைப் பின்பற்றும் எவரும் நிரலைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியமைத்த நிரலைத் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதன் பயனாகப் பெரிய நிறுவனங்கள் பல இந்நிரலை எடுத்தாண்டன. சோனி நிறுவனம் 2013இல் வெளியிட்ட பிளேஸ்டேசன் 4 விளையாட்டுக் கருவியின் இயக்க முறைமை ஃபிரீபிஎஸ்டியிலிருந்து உருவானது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகளின் அடித்தளத்திலும் அதன் பகுதிகள் உள்ளன. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் திரைப்படங்களை வீடுகளுக்கு அனுப்பும் சேவைக் கணிப்பொறிகளில் ஃபிரீபிஎஸ்டியையே நிறுவியுள்ளது.

கொள்வோர்க்குக் கடன் ஏதும் விதிக்காத உரிமம் இது. கொடுப்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. எனவே, வரும் உதவியைத் திரட்டி முறையாகச் செலவிடுவதற்கு ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

அறக்கட்டளையின் தோற்றம்

ஃபிரீபிஎஸ்டி நிரலாளருள் ஒருவரான ஜஸ்டின் கிப்ஸ் என்பார் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் இவ்வறக்கட்டளையை நிறுவினார். ஈட்டிய பொருளை உரிமையாளர்க்குப் பங்கிடாத, வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனமாக அது பதிவு செய்யப்பட்டது.

தன்னார்வலர் கூட்டம் எத்துணைப் பெரிதாயினும், சட்டத்தின் முன் அது ஓர் 'ஆள்' அன்று. ஒப்பந்தத்தில் கையொப்பம் இடவும், நன்கொடை பெறவும், வணிகக் குறியைக் காக்கவும் அதனால் இயலாது. அக்குறையை அறக்கட்டளை நிறைவு செய்தது. ஃபிரீபிஎஸ்டி என்னும் பெயரின் வணிகக் குறி உரிமை இன்று அறக்கட்டளையிடமே உள்ளது. ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனத்துடன் உரிம உடன்பாடு கண்டு, 2006இல் ஃபிரீபிஎஸ்டிக்கெனச் சான்று பெற்ற ஜாவாத் தொகுப்பை அது வெளியிட்டது. தனித்தனி நிரலாளரால் ஆகாத செயல் இது.

ஆணையா, ஏற்பாடா?

'கட்டளை' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆணை என்பது ஒன்று. ஒரு பணி தடையின்றி நடைபெறுவதற்கெனப் பொருள் ஒதுக்கிச் செய்துவைக்கும் ஏற்பாடு என்பது மற்றொன்று. ஃபிரீபிஎஸ்டி அறக்கட்டளை இரண்டாம் பொருளில்தான் கட்டளையாக விளங்குகிறது; முதற்பொருளில் அன்று.

இயக்க முறைமையின் போக்கை வகுப்பது அறக்கட்டளை அன்று. நிரலைச் சேர்க்கும் உரிமை பெற்றோர் ஈராண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒன்பதின்மர் கொண்ட மையக்குழுவே திட்டத்தை வழிநடத்துகிறது. அறக்கட்டளையிடம் ஊதியம் பெறுவோர் எழுதும் நிரலும் பிறர் எழுதும் நிரலைப் போன்றே சக நிரலாளரின் ஆய்வுக்கு உட்படுகிறது. பொருள் தருவோர் ஒருபுறமும் நெறி வகுப்போர் மறுபுறமும் நிற்பதால், செல்வம் படைத்தவர் சொல்லே இறுதி முடிவாகிவிடும் இடர் குறைகிறது.

அறக்கட்டளை ஆற்றும் பணிகள்

தன்னார்வலர் தமக்கு ஆர்வமுள்ள பணியைத் தேடிச் செய்வர். அது இயல்பே. ஆனால் ஆர்வம் ஊட்டாத, எனினும் செய்தே தீரவேண்டிய பணிகள் பல உள. புதிய பதிப்பைக் குறித்த காலத்தில் தொகுத்து வெளியிடுதல், பாதுகாப்புக் குறைகளை உடனுக்குடன் அடைத்தல், நாள்தோறும் நிரலைச் சோதித்தல், புதிதாக வரும் வன்பொருளுக்கு ஏற்ப நிரலைத் திருத்துதல் ஆகியன அத்தகையவை. இப்பணிகளுக்கு ஊதியம் தந்து ஆளமர்த்துவதே அறக்கட்டளையின் தலையாய தொண்டு எனலாம்.

சில சான்றுகளைக் காண்போம். கணிப்பொறி தொடங்கும் முறையில் யுஇஎஃப்ஐ என்னும் புதிய வழக்கம் வந்தபோது, அதற்கேற்ற நிரலை எழுத அறக்கட்டளை பொருளுதவி செய்தது. 2014இல் வெளிவந்த 10.1ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. ஏஆர்எம் வகைச் செயலிகளின் 64 பிட் அமைப்பிலும் ஃபிரீபிஎஸ்டி இயங்குவதற்கான முயற்சியை நிறுவனங்களுடன் சேர்ந்து ஆதரித்தது. 2016இல் வந்த 11.0ஆம் பதிப்பு அதன் விளைவைத் தாங்கி வந்தது. மடிக்கணிப்பொறிகளில் காணும் குறைகளைக் களைவதற்காக, மற்றோர் ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து 7,50,000 டாலர் செலவிடும் திட்டத்தை 2024இல் அறிவித்தது.

இவையன்றி, சேவைக் கணிப்பொறிகளை வாங்கித் தருதல், தொலைவில் வாழும் நிரலாளர் மாநாடுகளுக்கு வரப் பயணச் செலவு அளித்தல், 2014 முதல் வெளிவரும் ஃபிரீபிஎஸ்டி இதழை நடத்துதல் ஆகியனவும் அதன் பணிகளாம். அவ்விதழ் 2019 முதல் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

பொருள் வரும் வழிகள்

நிறுவனங்களும் தனிமனிதரும் தரும் நன்கொடையே அறக்கட்டளையின் முதன்மை வருவாய். வாட்சப் நிறுவனருள் ஒருவரான ஜான் கூம் 2014 நவம்பரில் பத்து இலட்சம் டாலர் வழங்கினார். அதுவரை அறக்கட்டளை பெற்ற தனி நன்கொடைகளுள் அதுவே மிகப் பெரிது. உக்ரைனிலிருந்து குடிபெயர்ந்து அரசு வீட்டில் வாழ்ந்த காலத்தில் தாம் ஃபிரீபிஎஸ்டியைக் கற்றதாகவும், அக்கல்வியே யாகூ நிறுவனத்தில் தமக்கு வேலை கிடைக்கக் காரணமாயிற்று என்றும், வறுமையிலிருந்து தம்மை உயர்த்தியது அதுவே என்றும் அவர் நன்றியுடன் குறிப்பிட்டார். வாட்சப் சேவையும் அந்நாளில் அவ்வியக்க முறைமையின் மீதே இயங்கிற்று. விலையின்றிப் பெற்ற மாணவன் ஒருவன் பின்னாளில் வள்ளலாகிய வரலாறு இது.

அரசும் உதவுவதுண்டு. பொதுப் பயனுக்குரிய மென்பொருளைப் பேணுவதற்கென ஜெர்மானிய அரசு அமைத்த நிதியம், ஃபிரீபிஎஸ்டியின் பாதுகாப்பையும் சோதனை அமைப்பையும் செம்மைப்படுத்த 6,86,400 யூரோ வழங்க 2024இல் முன்வந்தது.

சிறு நன்கொடையின் பெருமை

பெருங்கொடை வருங்கால் சிறுகொடை எதற்கு என வினவலாம். அமெரிக்க வரிச்சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. பொதுமக்கள் ஆதரவில் நிற்கும் அறநிறுவனம், பொதுவாக ஐந்தாண்டுக் கணக்கில் தன் ஆதரவின் மூன்றில் ஒரு பங்கேனும் பொதுமக்களிடமிருந்து வந்ததாகக் காட்டவேண்டும். அக்கணக்கில், ஒருவர் எவ்வளவு கொடுத்தாலும் மொத்த ஆதரவில் நூற்றுக்கு இரண்டு பங்குவரையே பொது ஆதரவாகக் கொள்ளப்படும். ஆகவே ஐந்து டாலர் தரும் பலரின் துணை இன்றி, பத்து இலட்சம் தரும் ஒருவரைக் கொண்டு மட்டும் இத்தகைய அறநிறுவனம் தன் தகுதியைக் காத்துக்கொள்ள இயலாது.

பேணுவார் இன்மையின் விளைவையும் நோக்குதல் தகும். ஃபிரீபிஎஸ்டியின் உறவு முறைமையான ஓபன்பிஎஸ்டி கனடா நாட்டிலிருந்து உருவாக்கப்படுவது. தொலைவிலுள்ள கணிப்பொறியுடன் பாதுகாப்பாகத் தொடர்பு கொள்ள உலகெங்கும் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளை அளித்ததும் அத்திட்டமே. ஆயினும் 2014 ஜனவரியில், தன் கணிப்பொறிகளுக்கான மின்கட்டணமாக ஏறத்தாழ 20,000 டாலர் செலுத்த வழியின்றி, பணி நின்றுவிடக்கூடும் என அது அறிவிக்க நேர்ந்தது. நன்கொடைகள் வந்து சேர்ந்தமையால் திட்டம் பிழைத்தது. அதன் உழைப்பால் பயன் கொண்ட நிறுவனங்கள் எண்ணற்றவை. எனினும் மின்கட்டணம் தலைக்குமேல் வந்து நிற்கும்வரை அச்செலவு எவர் கண்ணிலும் படவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. கட்டற்ற மென்பொருள் விலையற்றதாயினும் செலவற்றது அன்று. ஆக்குதற்கு ஆர்வம் போதும். பேணுதற்கு ஆர்வத்தோடு நிலைத்த பொருளும் வேண்டும். அப்பொருளைத் தருவோர் ஆள முற்படாதவரையே அப்பணி அறமாக நிலைக்கும்.

நம் மாணவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்களுள் பல, முன்பின் அறியாத ஒருவரின் உழைப்பாலும் மற்றொருவரின் கொடையாலும் கிடைத்தவை. பொருள் தர இயலாதோர் பிழை கண்டு அறிவிக்கலாம், விளக்கவுரை எழுதலாம், நிரல் கற்றுத் திருத்தம் அனுப்பலாம். அவையும் கொடையே. பெறுவோராக மட்டும் இராது, இயன்ற அளவில் தருவோராகவும் நம் இளைஞர் திகழவேண்டும் என்பதே நமது விழைவாகும்.