'எஸ்' எப்போது வரும்?

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகள் 'ஷி கோ', 'ஷி டீச்சர்' என்றே பேசுகிறாள். இலக்கணம் சொல்லிக்கொடுக்கவா?
– ஒரு தாய், ஜார்ஜ்டவுன்

பதில்: விதி வேண்டாம் அம்மா, வாக்கியம் கொடுங்கள். 'அவர் ஆசிரியர்', 'டியா குரு' என்று தமிழும் மலாயும் 'இஸ்' இல்லாமலே நிறைவு பெறுகின்றன. அந்தப் பழக்கத்தில்தான் பேசுகிறாள். 'கோஸ்' என்பதன் 'எஸ்' பிந்தித்தான் வரும். 1974இல் டூலே, பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சீனம், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்தபோதும், வினையின் 'இங்' முந்தியது, இந்த 'எஸ்' பிந்தியது. சௌரஸ்தா மார்க்கெட்டில் மீன்காரரைக் காட்டி, அவர் என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். "ஹி செல்லிங் ஃபிஷ்" என்பாள். "யெஸ், ஹி இஸ் செல்லிங் ஃபிஷ்" என்று முழுதாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். நாலு பேர் முன்னால் மட்டும் திருத்தாதீர்கள், வாயை மூடிக்கொள்வாள். பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற பெயர்களையெல்லாம் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.