அவையில் ஓர் இடம்

அன்புள்ள மரியசெல்விக்கு,

வார்டு தேர்தலில் நிற்கச் சொல்பவர்களிடம், “ஒற்றை ஆள் உள்ளே போய் என்ன ஆகப்போகிறது?” என்று நீ கேட்பதாக அறிந்தேன். நியாயமான கேள்விதான். அய்யன்காளியின் வாழ்க்கையை வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறேன். நமக்கு மேற்கே திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் அரசாணையால் ஒழிந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1863-இல், வெங்ஙானூரில் ஒரு புலையர் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1855 வரை விலைக்கு விற்கப்பட்டு வந்த மக்கள் புலையர். ஆணை அந்த விற்பனையைத்தான் நிறுத்தியது. பொதுச் சாலையில் நடக்க முடியாது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாது, உழுத நிலம் தமக்கில்லை என்ற நிலை அப்படியே இருந்தது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்களில் ஒருவரும் இல்லாததே பெரிய காரணம் என்பேன். நம் தூத்துக்குடிக் கரையிலும் ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில் மூச்சடக்கி மூழ்கியவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி சர்க்காருக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கடலில் மூழ்கியவர்கள் அல்லர்.

1911-இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினரானார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் அங்கே நிலமும் பள்ளியும் கேட்டுக்கொண்டே இருந்தார். “அரசு நியமித்த பதவி, அதுவும் சட்டம் இயற்ற அதிகாரமில்லாத சபை” என்று நீ சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவர் வெறுங்கையோடு உள்ளே போகவில்லை. 1893-இல் தடையை மீறிப் பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டினார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுக்கூலிகளை நிற்க வைத்தார். அதே வழியில்தான் 1908-இல் நம் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தி வார விடுமுறையும் கூலி உயர்வும் பெற்றார்கள். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசாணை வந்த பிறகும், பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி அழைத்துப்போன ஊருட்டம்பலம் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். ஆணையைக் காகிதத்திலிருந்து இறக்கிவர வெளியே ஆள் வேண்டும். வெளியே உள்ளவர்கள் கேட்பதை ஆணையாக எழுத வைக்க உள்ளே ஆள் வேண்டும். அவர் இரண்டு இடத்திலும் நின்றார்.

கிடைத்ததைப் பின்னால் பறித்துவிடுவார்களே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதற்கு இன்னொருவர் வாழ்க்கையைப் பார். அமெரிக்காவின் ராபர்ட் ஸ்மால்ஸ் அடிமையாகப் பிறந்த கப்பலோட்டி. 1862-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘பிளான்டர்’ கப்பலையே ஓட்டிக்கொண்டு தன் குடும்பத்தோடு தப்பினார். 1868-இல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் அமர்ந்தார். இலவசப் பொதுப்பள்ளிக்கு அதில் வழி பிறந்தது. பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனார். 1895-இல் அதே மாநிலம் வேறொரு அரசியலமைப்பு எழுதிக் கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அந்த அவையிலும் எழுந்து எதிர்த்தவர் அவர். வாக்கு பறிபோனது கொடுமை. ஆனால் பொதுப்பள்ளி என்ற ஏற்பாட்டை, வாக்கைப் பறித்தவர்களால் எடுத்துவிட முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பதவியை வெறுக்காதே. அதை மட்டும் நம்பியும் போகாதே. உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் பெண்களைச் சங்கமாகச் சேர்க்கும் வேலையை இந்த மாதமே தொடங்கு. வேட்புமனுவை அவர்களோடு உட்கார்ந்து நிரப்பலாம்.

அன்புடன்,
பெரியப்பா
தூத்துக்குடி