லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

நூலக பீரோ சாவியை ஹெட்மாஸ்டர் உன் கையில கொடுத்துட்டார்னு போன்ல அழாத குறையா சொன்னே. ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் பிள்ளைங்க, கையில கொஞ்சம் பணம், நாவல் எதெது வாங்கலாம்னு ஒரு லிஸ்ட் அனுப்புக்கான்னு கேட்டே. அனுப்புறேன். அதுக்கு முன்னாடி, முதல் வருஷம் நான் பண்ணின கூத்தைக் கேட்டுக்கோ.

ஒரு வியாபாரி வந்தார். உலக இலக்கியச் சுருக்கம், கெட்டி அட்டை, தங்க எழுத்து. மொத்தமா ஒரே செட், ஒரே பில், ஆடிட்டுக்கும் வசதி. வாங்கிட்டேன். மூணு வருஷம் கழிச்சு பின்னட்டையில ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தா முக்கால்வாசியில ஒரு சீல்கூட இல்லை. உள்ளே புரட்டிப் பார்த்தப்பதான் புரிஞ்சது. பெரிய பெரிய கதையை எல்லாம் நாற்பது பக்கத்துல அடைச்சிருந்தாங்க. யாரு செத்தா, யாரு ஏன் அழறா, ஒண்ணும் பிடிபடலை. அன்னைக்கே முடிவு பண்ணினேன்: செட்டா எதையும் வாங்குறதில்லை, நான் படிக்காத நாவல் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறுறதில்லை.

"எல்லாத்தையும் படிக்க நேரம் ஏதுக்கா?"ன்னு கேட்பே. முதல் இருபது பக்கம், நடுவுல பத்து, கடைசி அத்தியாயம். அதுவே போதும், பாதி ஆபத்து தெரிஞ்சிடும். மீதிப் பாதிக்குப் பிள்ளைங்க இருக்காங்க.

இதுல சிக்கல் வயசுதான். எட்டுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் சிறார் நாவல், அதுக்கு மேல இளையோர் நாவல்னு பதிப்பகங்கள் பிரிச்சு வச்சிருக்கும். உன் வகுப்புல அந்தக் கணக்கு ஓடாது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் கையில முயல் கதை கொடுத்துப் பாரு, பக்கத்துல இருக்கிறவன் சிரிச்சே கொன்னுடுவான். அவனுக்கு வேண்டியது பக்கம் குறைவா, விஷயம் பெரிசா இருக்கிற புத்தகம். அரசுப் பள்ளிகள்ல வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு வகுப்பைப் பார்க்காம திறனைப் பார்த்துப் பிரிச்சாங்க இல்லையா, அதே கண்ணோட நாவலையும் பாரு.

அப்படிப்பட்ட பையனுக்கு நான் எடுத்துக் கொடுக்கிறது சி.சு.செல்லப்பாவோட 'வாடிவாசல்'. ஒரே நாள், ஒரே ஜல்லிக்கட்டு, அப்பாவைக் கொன்ன காளையை அணைக்க வந்து நிக்கிற மகன். பேச்செல்லாம் நம்ம பக்கத்துப் பேச்சு. ஒருத்தன் மூணு நாள் வச்சிருந்து திருப்பிக் கொடுத்தான். அட்டையில எண்ணெய்க் கறை, உள்ளே பஸ் டிக்கெட் அடையாளம். திட்ட வாயெடுத்தவ, "டீச்சர், இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"ன்னு கேட்டதும் அடங்கிட்டேன். அடுத்து கொடுத்தது சிங்கிஸ் ஐத்மாத்தவோட 'முதல் ஆசிரியர்'. கிர்கிஸ் கிராமத்துல, தானே தட்டுத் தடுமாறிப் படிக்கிற ஒரு ஆள் பள்ளிக்கூடம் நடத்துற கதை. அங்கே படிக்கிற பொண்ணு அல்தினாய்க்கு ஒரு கொடுமை நடக்கும். அதனால ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இறக்காதே. இரா.நடராசனோட 'ஆயிஷா'வும் ரொம்பச் சின்னப் புத்தகம்தான், ஆனா முடிவு நெஞ்சை அடைக்கும். கொடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பிள்ளைகிட்ட பேச்சுக் கொடு.

கதாநாயகன் வயசை வச்சும் ஏமாந்துடாதே. 'அசுரன்' படம் வந்த 2019-ல ஒரு எட்டாம் வகுப்புக்காரன் பூமணியோட 'வெக்கை' வேணும்னு வந்து நின்னான். அதுல சிதம்பரத்துக்குப் பதினைஞ்சு வயசுதான். ஆனா ஒரு கொலையில தொடங்குற கதை. பிளஸ் ஒன் வரும்போது தரேன்னு சொல்லி, எடுத்து வச்சு, சொன்னபடி கொடுத்தேன். இல்லைன்னு சொல்றதைவிட 'அப்புறம்'னு சொல்றது நல்லது. சொன்னா ஞாபகம் வச்சுக்கணும், அவ்வளவுதான்.

ஆறு, ஏழாம் வகுப்புக்கு எங்கே தேடுறதுன்னா, சாகித்ய அகாடமி 2010-ல இருந்து கொடுக்குற பால சாகித்ய விருதுப் பட்டியல் நல்ல தொடக்கம். சில வருஷம் சிறுகதைத் தொகுப்புக்கும் கொடுத்திருக்காங்க, நாவலான்னு பார்த்து எடு. உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை' கீழடியைக் கதையாக்கினது. படிச்ச கையோட கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லா இருக்கும். விஷ்ணுபுரம் சரவணனோட 'ஒற்றைச் சிறகு ஓவியா' தலைப்புக்காகவே கை நீளும். 'டோட்டோ-சான்' கேட்கவே வேண்டாம். அது டீச்சருங்களும் படிக்க வேண்டியது, ஸ்டாஃப் ரூம்ல ஒரு பிரதி போட்டு வை.

யெஸ்.பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்துக்குத் தனியா ஒரு வார்த்தை. தப்பான தொடுகையைப் பத்தின கதை, பேசுற மரப்பாச்சி பொம்மை வழியா வரும். "இதையெல்லாம் பிள்ளைங்க கையில கொடுப்பாங்களா?"ன்னு ஒரு அம்மா சண்டைக்கு வந்தாங்க. உட்கார வச்சு டீ கொடுத்து, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிங்கன்னு அனுப்பினேன். திரும்பி வந்தப்ப சத்தம் இல்லை. நீ இதைப் பூட்டின தட்டுல வைக்காதே, வெளியிலயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு: படிச்சிட்டு ஒரு பிள்ளை உன்கிட்ட வந்து ஏதாவது சொன்னா என்ன செய்யணும்னு முதல்லயே தெரிஞ்சு வச்சுக்கோ. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ பீரோ கதவுல பெரிசா எழுதி ஒட்டு.

காமிக்ஸ் வாங்கலாமான்னு கேட்டே. தாராளமா. நம்ம சித்தப்பா தலைமுறை 1972-ல வந்த 'இரும்புக்கை மாயாவி'யில இருந்துதான் படிக்க ஆரம்பிச்சது.

'பொன்னியின் செல்வன்' கண்டிப்பா கேட்பாங்க. அஞ்சு பாகத்தையும் ரெண்டு ரெண்டு செட் வாங்கிப் பணத்தை முடக்காதே. முதல் பாகம் மூணு, ரெண்டாவது ரெண்டு, மத்தது ஒவ்வொண்ணு. எங்க பள்ளியில முதல் பாகம் கந்தலாகி தைச்சு வச்சிருக்கோம், அஞ்சாம் பாகம் இன்னும் கடை வாசனையோட இருக்கு.

கடையில நிக்கும்போது ஒரு வேலை செய். புத்தகத்தை நட்ட நடுவுல விரிச்சு மேசை மேல படுக்க வை. முதுகுல பசை 'சட்'னு விடுற சத்தம் கேட்டா, மே மாச வெயில்ல அது பக்கம் பக்கமா உதிரும். தையல் போட்டதா பார்த்து எடு. எழுத்து பொடியா இருந்தாலும் வேண்டாம், நம்ம வகுப்பறை வெளிச்சம் உனக்குத் தெரியும். சென்னைப் புத்தகக் காட்சியில பத்து சதவீதம் கழிவு உண்டு. நூலகத்துக்குன்னு சொல்லிப் பதிப்பாளர்கிட்ட நேரா கேட்டா சிலர் கூடவும் கொடுப்பாங்க. கேட்க வெட்கப்படாதே.

வாங்கினதை அடுக்கும்போது முதுகு தெரிய நிறுத்தாம பத்துப் புத்தகத்தையாவது முகப்பு தெரிய வை. வாரம் ஒரு பீரியட், ஒரு நாவல்ல நாலு பக்கம் சத்தமா படி. கதவு திறக்கப் போற இடத்துல புத்தகத்தை மூடிடு. அன்னைக்கு மணி அடிச்சதும் எத்தனை பேர் உன் மேசைகிட்ட வராங்கன்னு பாரு. பீரோ கைப்பிடியில ஒரு நோட்டைச் சணல்ல கட்டித் தொங்கவிடு, வேணுங்கிற புத்தகத்தை அவங்களே எழுதட்டும். பேய்க் கதை, பேய்க் கதைன்னு நாலு பக்கம் வரும். பரவாயில்லை, ரெண்டு பேய்க் கதையும் வாங்கு.

லிஸ்ட்டை வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன், முப்பத்தெட்டு தலைப்பு. உன் பிள்ளைங்களைப் பார்த்துட்டு பாதியை அடிச்சிடு. பொங்கலுக்கு வரும்போது கி.ராஜநாராயணனோட 'பிஞ்சுகள்' என் பிரதியைக் கொண்டு வரேன், பறவைப் பைத்தியம் பிடிச்ச பிள்ளை எப்படியும் ஒண்ணு இருக்கும். அது பிள்ளை கைக்குப் போறதுக்கு முன்னாடி உள்ளே என் பேரை எழுதிடு. நீ காலேஜ்ல வாங்கிட்டுப் போன என் 'குட்டி இளவரசன்' இன்னும் திரும்பி வரலை.