"உழைத்துப் பிழை" என்று சொல்லுமுன்



உதவி கேட்டு வருபவரைப் பற்றி நம்மிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, உழைத்துப் பிழைக்கலாமே?" கேள்வி தவறானதல்ல. யாசகத்தை நம் மார்க்கம் விரும்புவதில்லை. ஆனால் யார், எந்த நேரத்தில், எந்த முறையில் கேட்கிறார் என்பதைப் பொறுத்து அது அக்கறையாகவும் ஆகலாம், அநீதியாகவும் ஆகலாம். ஓர் அரசே இக்கேள்வியைச் சட்டமாக்கினால் என்ன நடக்கும் என்பதைக் காட்டும் ஆங்கிலப் படம் ஒன்று இருக்கிறது. 2016இல் வெளிவந்த 'ஐ, டேனியல் பிளேக்'. இயக்கியவர் கென் லோச், எழுதியவர் பால் லாவர்ட்டி. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப்பனையைப் பெற்றது.

படம் பார்க்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. வசைச் சொற்கள் நிறைய உண்டு; பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கக்கூடியதும் அல்ல. ஆனால் ஸகாத், ஸதகா பங்கீட்டில் ஈடுபடுவோர் அறிய வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

கதை நடப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசில் நகரில். நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் ஒரு காலத்தில் சோறு போட்ட வட்டாரம் அது. 1980களிலும் அதன் பின்னரும் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. டேனியல் 59 வயதுத் தச்சர், மனைவியை இழந்தவர். வேலையிடத்தில் மாரடைப்பு வருகிறது. இப்போது வேலைக்குப் போகக்கூடாது என்கிறார் மருத்துவர். ஆனால் நோயாளிக்கான உதவித்தொகையைத் தீர்மானிப்பது அந்த மருத்துவர் அல்ல. அரசு ஒப்பந்தம் கொடுத்த ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா, தொலைபேசிப் பொத்தானை அழுத்த முடியுமா என்று ஒரு பட்டியலை வைத்துக் கேட்கிறார். என் கையில் கோளாறு இல்லை, இதயத்தில்தான் என்று டேனியல் சொல்வது அந்தப் பட்டியலில் ஏறவில்லை. தேவை 15 புள்ளி. அவருக்குக் கிடைத்தது 12. "வேலை செய்யத் தகுதியுள்ளவர்" என்று கடிதம் வருகிறது.

மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், முதலில் மறுபரிசீலனை கேட்டு அதன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை சாப்பாட்டுக்கு வழி? வேலை தேடுவோருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வாரம் 35 மணி நேரம் வேலை தேடியதாக நிரூபிக்க வேண்டும். விண்ணப்பமோ கணினியில்தான். மரத்தை அறிந்த அந்த மனிதர் கணினியைத் தொட்டதே இல்லை. வேலை தேடிப் போகிறார். ஒருவர் வேலை கொடுக்கவும் முன்வருகிறார். உடல்நிலை காரணமாக ஏற்க முடியவில்லை. உழைக்க மனமில்லாதவர் என்று அவரும் ஏசுகிறார்.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கொள்கை இருக்கிறது. 2008இல் வங்கிகளும் நிதித்துறையும் உலகை நெருக்கடியில் தள்ளின. அரசுப் பணத்தால் வங்கிகள் காப்பாற்றப்பட்டன. 2010இல் அமைந்த கூட்டணி அரசு, பற்றாக்குறையைக் குறைக்கச் சிக்கனம் என்று அறிவித்தது. 2012இல் வந்த நலச் சீர்திருத்தச் சட்டம், நிபந்தனையை நிறைவேற்றாதவரின் உதவித்தொகையை நிறுத்தும் விதிகளைக் கடுமையாக்கியது. உழைக்கும் ஊக்கத்தை வளர்க்கவே என்றது அரசு. அதே காலத்தில் உணவு வங்கிகளின் நிலையைப் பாருங்கள். டிரஸெல் டிரஸ்ட் என்ற அமைப்பின் உணவு வங்கிகள் 2010-11இல் வழங்கிய அவசர உணவுப் பொட்டலங்கள் ஏறத்தாழ 61 ஆயிரம். 2015-16இல் 11 லட்சத்துக்கும் அதிகம். ஐந்தே ஆண்டுகளில் இத்தனை பேர் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? தர்மப் பொட்டலம் பெருகுவது மக்களின் இரக்கத்துக்குச் சான்று. அதுவே எங்கோ ஒரு நியாயம் குறைந்துவிட்டது என்பதற்கும் சான்று.

படத்தில் அந்த உணவு வங்கியும் வருகிறது. கேட்டி என்ற இளம் தாய், இரண்டு பிள்ளைகளுடன் லண்டனில் வீடு கிடைக்காமல் நியூகாசிலுக்கு அனுப்பப்பட்டவள். புது ஊரில் பஸ் தெரியாமல் தாமதமாகப் போனதற்காக அவளது உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடக்கிறாள். உணவு வங்கியில் பை நிரப்பும்போதே பசி தாங்காமல் ஒரு டின்னைத் திறந்து கையால் அள்ளி வாயில் போட்டுவிட்டு, வெட்கத்தால் உடைந்து அழுகிறாள். அங்குள்ள பெண் ஊழியர் அதட்டவில்லை. உட்கார வைத்து ஆறுதல் சொல்கிறார். சூரா அல்பகராவின் 263ஆவது வசனம், நோவினை தொடரும் தர்மத்தை விட நல்ல சொல்லை உயர்வாக வைப்பதன் பொருள் அந்த இடத்தில் விளங்கும். அதே சூராவின் 273ஆவது வசனம், கேட்கக் கூச்சப்படுவதாலேயே வசதியானவர் என்று எண்ணப்படும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. கேட்டி அந்த வகையினள்.

வர்க்கப் போராட்டம் என்றால் கொடியும் கோஷமும் நம் நினைவுக்கு வரும். இப்படத்தில் அது ஒரு கவுண்டரின் இரு பக்கமும் நடக்கிறது. இந்தப் பக்கம் டேனியல். அந்தப் பக்கம் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் அலுவலர். கணினியில் உதவ முன்வந்த ஒரு பெண் அலுவலரை மேலதிகாரி கண்டிக்கிறார். உங்கள் விஷயத்தில் 'தீர்மானிப்பவர்' தொலைபேசியில் அழைப்பார் என்று டேனியலுக்குச் சொல்லப்படுகிறது. அந்தத் தீர்மானிப்பவர் படம் முழுவதும் திரையில் வருவதே இல்லை. விதியை எழுதியவர் மறைவில் இருக்க, விதியால் அடிபடுபவரும் அதை அமல்படுத்துபவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்கிறார்கள். செல்வம் உங்களில் செல்வந்தரிடையே மட்டும் சுற்றிக்கொண்டிருக்கலாகாது என்ற கருத்தை சூரா அல்ஹஷ்ரின் 7ஆவது வசனம் வைக்கிறது. பங்கீட்டின் விதியையே அது பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, "உழைத்துப் பிழை" என்பதற்கு நாம் ஆதாரமாகக் காட்டும் அறிவிப்புக்கு வருவோம். அபூதாவூத் நூலில் உள்ளது. உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு பாத்திரமும். அவற்றை ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே கைப்பிடி பொருத்தி, விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்துடன் வந்தார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் விசாரிப்பு. அடுத்து வீட்டாரின் பசிக்கு உணவு. பிறகு தொழில் கருவி. அதன்பின் அவகாசம். எல்லாவற்றுக்கும் பிறகுதான் உழைப்பு. அந்த அலுவலகம் டேனியலிடம் உழைப்பை முதலில் கேட்டது. கைப்பிடியைக் கொடுக்கவே இல்லை. அதிலும் அவர் நோயாளி. மேல்முறையீட்டு விசாரணை வந்த நாளில், உதவிக்கு வந்த ஆலோசகர் வெற்றி நிச்சயம் என்று நம்பிக்கை சொன்ன சிறிது நேரத்தில், அந்த இடத்திலேயே மாரடைப்பால் இறந்துபோகிறார்.

நம் ஊரிலும் முதியோர் உதவித்தொகை, ஆதரவற்ற விதவையர் உதவித்தொகை, அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியம், உலமாக்கள் நலவாரியம் எல்லாம் இருக்கின்றன. இ-சேவை மையத்து வாசலில் எந்தச் சான்று, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அரிசிப் பை ஒரு மாதத்துக்கு. முறையாகப் போட்டு முடித்த மனு பல ஆண்டுகளுக்கு. படத்தில் டேனியலின் விண்ணப்பத்துக்கு உதவுபவன் அண்டை வீட்டு இளைஞன்தான். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் டிரஸ்ட் அலுவலகத்தில் அமர்ந்தால், அது அவர்கள் கொடுக்கும் ஸதகா.

மனு விசாரிக்கும் சகோதர சகோதரிகள் மூன்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். "ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்பதற்கு முன், "வருமானம் எப்போது நின்றது, எதனால்?" என்று கேளுங்கள். கடை மூடியதா, நோயா, கடனா, ஓர் அட்டையில் பெயர் விடுபட்டதா என்று பதிலிலேயே வழி தெரியும். ஒருநாள் தாமதம், ஒரு தாள் குறைவு என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். குறைந்த தாளைப் பெற்றுத் தருவதும் நம் வேலை. வாங்குபவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். ஸகாத் நாம் இரங்கிக் கொடுப்பதல்ல. செல்வத்தில் அவர்களுக்கு உரிமையுண்டு என்கிறது வேதம்.

கேட்பவரின் கண்ணியத்தைக் காக்கும் நாவையும், கைப்பிடி பொருத்தித் தரும் கரத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.