எரிகோவின் ஊற்றும் மலைச்சாலை ஊற்றும்

வாசிக்க: 2 இராஜாக்கள் 2:19-22



மே மாத விடுமுறையில் சபையாக வாகனம் அமர்த்திக்கொண்டு கொடைக்கானலுக்கோ உதகைக்கோ போகிறவர்கள், மலைச்சாலை வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். யாரோ ஒரு நல்ல மனிதர் அதில் மூங்கில் தப்பையோ குழாய்த் துண்டோ செருகி வைத்திருப்பார். பிள்ளைகள் கைகளைக் குவித்துக் குடிப்பார்கள். பெரியவர்கள் வீட்டுக்கும் ஒரு கேன் நிரப்பிக்கொள்வார்கள். நமக்கு இது வழிப்பயணத்தின் மகிழ்ச்சி. பல மலைக்கிராமத்தாருக்கோ இப்படிப்பட்ட ஊற்றே அன்றாடக் குடிநீர். ஆகவே இம்மாதப் பாடமாக அந்தத் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம்.

1. ஊற்று எங்கிருந்து வருகிறது?

மலைமேல் பெய்யும் மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. நீர் புகாத பாறையோ களிமண்ணோ குறுக்கிட்டதும், அதன்மேல் சரிவாக ஓடி, மலைச்சரிவு வெட்டுப்பட்ட இடத்தில் வெளியே வருகிறது. சாலைக்காக மலையைக் குடையும்போது பல ஊற்றுகள் இப்படித்தான் திறந்துகொள்கின்றன. மண் ஆழமாக இருந்தால் தண்ணீர் மெல்ல வடிந்து பெருமளவு சுத்தமாகும். மண் மெல்லியதாகவும் பாறையில் வெடிப்புகள் அதிகமாகவும் இருந்தால், மேலே உள்ள மாட்டுத்தொழுவமும் கழிப்பிடமும் சில மணி நேரத்திலேயே கீழே வந்து சேரும். மழை பெய்த உடனே கலங்கும் ஊற்றில், மேற்பரப்பு நீர் வடிகட்டப்படாமல் கலக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

2. தெளிவு வேறு, தூய்மை வேறு

1854-ஆம் ஆண்டு லண்டன் நகரில் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றிக் காலரா பரவி, அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தண்ணீர் ருசியானது என்று பெயர் பெற்றிருந்தது. அத்தெருவை விட்டு வெகுதூரம் குடிபோயிருந்த ஒரு விதவைத் தாய், அதன் ருசியை மறக்கமுடியாமல் வண்டியில் வரவழைத்துக் குடித்தார். அவரும் காலராவில் மரித்தார். மருத்துவர் ஜான் ஸ்நோ இதையெல்லாம் வீடு வீடாக விசாரித்து எடுத்துக்காட்டிய பின், செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கிணற்றுக்குச் சில அடி தூரத்திலிருந்த ஒரு வீட்டின் மலக்குழி அதற்குள் கசிந்துகொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. கண்ணும் நாவும் கிருமியைக் காணமாட்டா.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டைபாய்டு காய்ச்சல் வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஹெபடைட்டிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை வெளிப்பட இரண்டு முதல் ஏழு வாரம் வரை ஆகலாம். படுக்கையருகே அமர்ந்து, "எங்கே தண்ணீர் குடித்தீர்கள்?" என்று நாங்கள் கேட்கும்போது, போன மாதத்து மலைப்பயணம் யாருக்கு நினைவுக்கு வரும்? ஊற்றின்மேல் பழி விழுவதில்லை. அடுத்த வண்டியும் அங்கே நிற்கிறது.

3. எலிசா எங்கே போனார்?

எரிகோவின் மனிதர் எலிசாவிடம் வந்து, குடியிருக்க ஊர் நல்லதுதான், தண்ணீர்தான் கெட்டது என்று மறைக்காமல் சொன்னார்கள். ஊர்ப்பெருமை பேசி அவர்கள் உண்மையை மூடவில்லை. அவர் புதுப் பாத்திரத்தில் உப்பு கேட்டு வாங்கினார். வீடு வீடாகக் குடங்களுக்குள் போடவில்லை. நேராக ஊற்றுக்கண்ணுக்கே போனார். எலிசாவின் ஊற்று என்று கிறிஸ்தவர்கள் அழைக்கும் அந்த நீரூற்று எரிகோவில் இன்றும் ஓடுகிறது.

உப்பு போட்டால் கிருமி சாகும் என்பதல்ல இதன் பாடம். அது கர்த்தர் செய்த அற்புதம். ஆனால் சுகம் ஊற்றுக்கண்ணிலே தொடங்கியது என்பதை நாம் கவனிக்கவேண்டும். மருத்துவமனை குடத்தருகே நிற்கிறது. வியாதியோ ஊற்றுக்கு மேலே தொடங்குகிறது.

4. ஊற்றுக்கண்ணைக் காப்பது எப்படி?

ஊற்று கசியும் இடத்தைப் பின்னோக்கித் தோண்டி, அதன் கண்ணைக் கண்டுபிடிக்கவேண்டும். அங்கே கழுவிய கல்லும் சரளையும் நிரப்பி, மேலே களிமண்ணாலோ சிமெண்டாலோ மூடி, முன்பக்கம் சுவர் எழுப்பி, குடம் வைக்கும் உயரத்தில் குழாய் பதிக்கவேண்டும். மேற்புறத்தில் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடவேண்டும். ஆடுமாடுகள் வராதபடி வேலி வேண்டும். கழிப்பிடம் குறைந்தது 30 மீட்டர் தள்ளியும், கூடுமானவரை தாழ்வான பக்கத்திலும் இருக்கவேண்டும். தண்ணீரில் மலக்கலப்பு உண்டா என்று அறிய, நம் நாட்டு விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட எளிய சோதனை உண்டு. மருந்துத்தாள் உள்ள குப்பியில் தண்ணீர் ஊற்றி வைத்தால், கலப்பு இருக்குமானால் அது கறுத்துவிடும்.

ஊற்று வற்றாமல் காப்பதும் இதில் அடங்கும். சிக்கிம் மாநிலத்தில் 2008-இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில், ஊற்றுகளுக்கு மேலுள்ள சரிவுகளில் குழிகள் வெட்டி மழைநீரை நிலத்துக்குள் இறக்கினார்கள். வற்றிவந்த ஊற்றுகள் சில மறுபடியும் பெருகின.

5. பயணிகள் செய்யவேண்டியவை

வீட்டிலிருந்தே கொதித்தாறிய நீரைக் கொண்டுபோவது நல்லது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டில் கைவசம் இருக்கட்டும். ஊற்று நீரைப் பயன்படுத்தவேண்டி வந்தால், துணியில் வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். கொடைக்கானலும் உதகையும் 2,000 மீட்டருக்கு மேல் உள்ளவை. அவ்வுயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆதலால் அங்கே மூன்று நிமிடம் கொதிக்கவேண்டும். கீழே ஒரு நிமிடம் போதும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி எடுத்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலும், கண் குழிவிழுந்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இனி, நாம் மறந்துவிடும் ஒரு காரியம். வண்டி நின்ற இடத்தில் ஒதுங்குகிறவர்களும், குழந்தையின் துணியை அலசுகிறவர்களும், மிச்ச உணவைச் சரிவில் கொட்டுகிறவர்களும் நாமே. வளைவுக்கு வளைவு இறங்கும் மலைச்சாலையில், நாம் நிற்கும் இடம் வேறொருவருடைய ஊற்றுக்கு மேற்புறம். அடுத்த வளைவில் ஒரு தாய் குடம் ஏந்தி நிற்கக்கூடும். நாம் ஊருக்குத் திரும்பிய பின்னும் அவள் பிள்ளைகள் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மேலே நிற்கிறவர் கீழே குடிக்கிறவருக்குக் கடனாளி.

சிந்திக்கவும் கலந்துபேசவும்:

அ. எரிகோவின் மனிதரைப்போல, நம் ஊர்த் தண்ணீரைப்பற்றி மறைக்காமல் பேசுகிறோமா?

ஆ. நம் ஆலய வளாகத்துக் கழிவுநீர் எங்கே போகிறது? அதற்குக் கீழே யார் குடிக்கிறார்கள்?

இ. அடுத்த சபைப் பயணத்தில், கழிப்பிட வசதி உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்த யார் பொறுப்பேற்பார்கள்?