காலவரையறையும் மனவமைதியும்

“நேரமில்லை” என்பது உபாத்தியாயர்களாகிய நம்மவர் வாயிலே நாடோறும் வழங்கும் வார்த்தையாம். அது மெய்யோ அன்றோ என்பதைச் சிறிது ஆராய்வாம்.

நாளொன்றுக்கு நாழிகை 60. நாழிகை ஒன்றுக்கு நிமிஷம் 24. காலை 7.30 மணி தொடக்கம் பிற்பகல் 1.30 மணி வரையும் வித்தியாசாலையிற் கழியுங் காலம் 15 நாழிகை. நித்திரைக்கு ஏழு மணித்தியாலம் விடின், அது 17½ நாழிகை. எஞ்சுவது 27½ நாழிகை. அஃதாவது 11 மணித்தியாலம். ஸ்நானம், வழிபாடு, போசனம், பிரயாணம், குடும்பகாரியம் என்பன அதிலே பெரும்பகுதியைக் கொள்ளும். பெண் உபாத்தியாயர்களுக்கு வீட்டுவேலையே அதனை முற்றுங் கொண்டுவிடுதலும் உண்டு. ஆதலால் வேலைமிகுதி என்பது பொய்யன்று. ஆயினும், ஒரே அளவினதாகிய வேலையை ஒருவர் அமைதியோடு செய்து முடிக்க, மற்றொருவர் இரவிலும் நித்திரையின்றி வருந்துகின்றாரே. அதற்குக் காரணம் யாது? இன்ன வேலைக்கு இன்ன வேளை என்னும் வரையறை ஒருவரிடத்து உண்டு, மற்றவரிடத்து இல்லை. வேளை குறிக்கப்படாத வேலையே மனத்தை மிக வருத்துவது என்க.

இதனை யான் பட்டு அறிந்தேன். உபாத்தியாயத் தொழிலிற் புகுந்த புதிதிலே, நாற்பது பிள்ளைகள் எழுதிய கட்டுரைக் கொப்பிகளை ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுசென்றேன். “இரவு பார்ப்போம்” என்றேன், பார்த்திலேன். “நாளை பார்ப்போம்” என்றேன், பார்த்திலேன். திங்கட்கிழமை அந்தப் பை திறவாதபடியே வித்தியாசாலைக்குத் திரும்பிற்று. இவ்வாறு மூன்று வாரஞ் சென்றன. உண்ணும்போதும் அப்பையே நினைவு. கோயிலிலே நின்றபோதும் அப்பையே நினைவு. கொப்பிகளைத் திருத்துதற்கு வேண்டிய நேரத்தினும், அவற்றை எண்ணி வருந்திய நேரமே அதிகம். இதற்கிடையிலே தவணைப் பரீட்சை வந்தது. ஒரு பிள்ளை கட்டுரையிலே எழுதியிருந்த பிழையையே பரீட்சையிலும் எழுதினான். பின்பு என்னிடம் வந்து, “ஐயா, இது பிழையென்று எனக்கு ஒருவருஞ் சொல்லவில்லையே” என்றான். அவன் சொன்னது உண்மை. சொல்லவேண்டியவன் யான். நமது காலம் ஒழுங்கின்றிப் போகுமாயின், நட்டம் நமக்கு மாத்திரமன்று, நம்மை நம்பிய பிள்ளைகளுக்குமாம் என்பதை அன்று உணர்ந்தேன்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பலர் ஒரு கிணற்றிலே பங்குடையராயிருப்பர். இறைப்பு முறை இன்னாருக்கு இன்னநாள் என்று வகுக்கப்பட்டிருக்கும். நாளை முறையுடையவன் இன்று கிணற்றடியிலே வந்து நின்று கலகஞ் செய்யான். தன் முறை வருமென்னும் நிச்சயம் அவனுக்கு உண்டு. முறை வகுக்கப்படாத கிணற்றடியிலோ நாண்முழுதுஞ் சச்சரவேயாம். நமது நாள் அக்கிணறு, வேலைகள் பங்காளிகள். முறை வகுத்தால் அவை தம்தம் வேளை வரும்வரையும் வாளா இருக்கும்.

அமெரிக்க தேசத்து உளநூலாராகிய மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் இருவர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்குச் சான்றாகின்றது. முடியாத காரியத்தின் நினைவு வேறு காரியத்திலே புகுந்து தடைசெய்யும் என்றும், அதனை இன்னவாறு முடிப்போமெனத் திட்டமாக வகுத்த மாத்திரத்தே, காரியம் முடியுமுன்னரே, அத்தடை நீங்கும் என்றும் அவர்கள் கண்டார்கள்.

இனிக் கைக்கொள்ளத்தக்க விதிகள் நான்கு கூறுவாம்.

முதலாவது, பகுத்தல். கொப்பி ஒன்றுக்கு நான்கு நிமிஷமாக நாற்பது கொப்பிக்கு 160 நிமிஷம் வேண்டும். இதனை ஒரே இரவிலே செய்யப் புகுவது துன்பம். வகுப்பை எட்டெட்டுப் பிள்ளைகளாக ஐந்து பிரிவாக்கி, நாளுக்கு ஒரு பிரிவினர் கொப்பி கொடுக்கும்படி செய்க. நாளொன்றுக்கு 32 நிமிஷமே செல்லும். பாடமில்லாத நாற்பது நிமிஷ வேளை ஒன்று கிடைக்குமாயின், அதிலே அது முடியும்.

இரண்டாவது, மதிப்பைக் கூட்டுதல். கனடாவிலே சர்வகலாசாலை மாணாக்கரைத் தத்தம் ஆய்வுக்கட்டுரை எத்தனை நாளில் முடியும் என்று வினாவினர். சராசரி 34 நாள் என்றார்கள். சென்றதோ ஏறக்குறைய 55 நாள். 1994இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி மாணாக்கரைப் பற்றியதேயாயினும், நமக்கும் பொருந்தும். ஒரு மணித்தியாலம் போதுமென்று தோன்றும் வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் குறிக்க.

மூன்றாவது, முடிவு குறித்தல். யான் இளமையிலே பயின்றது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே பாடந் தொடங்குதற்கு அடித்த மணி போலவே, முடித்தற்கு அடித்த மணியும் தவறியதில்லை. நாமோ தொடங்குதற்கு மாத்திரம் மணி வைத்திருக்கின்றோம். கைத்தொலைபேசியிலே இரவு பத்து மணிக்கு வருஞ் செய்திக்கு அப்பொழுதே விடையளிப்பது கடமையென்று எண்ணுகின்றோம். இரவு இன்ன மணிக்குமேல் வருவனவற்றுக்கு, அவசரமானவை நீங்க, மறுநாளே விடையளிப்போமெனப் பெற்றாருக்கு முன்னரே அறிவித்துவிடுக. அவர்கள் பெரும்பாலும் அதனை ஏற்பர்.

நான்காவது, இடைவெளி விடுதல். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பஸ் தாமதிக்கும், திணைக்களம் திடீரெனப் படிவங் கேட்கும். நாளை முற்றும் நிரப்பி வைத்தவருக்கு இவை ஒவ்வொன்றும் இடியாம். ஒருநாளிலே இரண்டு நாழிகையாயினும் ஒன்றுங் குறியாது விடுக. இடர் வாராத நாளிலே அஃது ஓய்வாகும்.

“எங்கள் நேரம் எங்கள் கையிலில்லையே, மேலிருந்து வரும் வேலைக்கு வரையறை ஏது?” எனின், கூறுதும். நமது கையிலில்லாத நேரத்துக்கு அட்டவணை போடுதல் பயனில்லை. எத்துணை ஒழுங்கு செய்யினும் அடங்காத பாரம் ஒருவர்மேல் வைக்கப்பட்டிருக்குமாயின், அது அவருடைய குற்றமன்று. அதனைக் கணக்கெழுதி அதிபரிடங் காட்டுதலே முறை. “வேலை அதிகம்” என்னும் முறைப்பாட்டினும், “இவ்வேலைக்கு வாரத்திலே இத்தனை மணித்தியாலஞ் செல்கின்றது” என்னுங் கணக்குக்கு வலிமை மிகுதி. வீட்டுப்பாரமும் அவ்வாறே. அது மனைவி ஒருத்தியின் அட்டவணையால் அன்று, கணவனும் பிள்ளைகளும் பங்கேற்பதாற் குறையும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே பூசைகள் மணி தவறாது நடத்தலை யாவரும் அறிவர். அங்கே சனத்திரள் எவ்வளவாயினும் பரபரப்பு இல்லை. வேளை முன்னமே குறிக்கப்பட்டிருத்தலே அதற்குக் காரணம்.

இனி, வருகின்ற ஏழுநாளும் செய்யத்தக்க பயிற்சி ஒன்று. நித்திரைக்கு முன் ஐந்து நிமிஷம், அன்று கழிந்த நேரத்தை உள்ளபடியே எழுதுக. மறுநாட் செய்யவேண்டியவற்றையும், அவற்றின் வேளையையும் அதன்கீழ் எழுதுக. எழுதியபின் கொப்பியை மூடிவிடுக. எட்டாம் நாள் அதனை எடுத்து நோக்கின், எந்நேரம் எங்கே ஒழுகிற்று என்பது தானே விளங்கும். என் பையிலே திறவாது கிடந்த அக்கொப்பிகளைப் போல வேறெந்த உபாத்தியாயர் பையிலும் கிடவாதொழியுமாயின், அதுவே இதனை எழுதியதன் பயனாகும்.